இடது பக்கமென்று நான் சொன்ன சத்தம்

பின் சீட்டில் திரைக்குள் இருந்து பயணம் போனவர்களுக்குத்தான் நான் சொல்லப்போவது முழுதாக விளங்கும். என் வயதுப் பெண்களே, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தக் காலத்தில் கார் என்றால் முன் பாதி ஆண்களுக்கு, பின் பாதி எங்களுக்கு. பின் கண்ணாடிகளுக்கெல்லாம் பூப்போட்ட சீத்தைத் துணியில் திரை. முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் நடுவே சுருள் கம்பியில் ஓடும் இன்னொரு திரை. கல்முனைக்குடியில் ஏறி அக்கரைப்பற்றில் இறங்கினால், வழியில் எந்த ஊர் எப்போது கடந்தது என்பதை மணத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்போம். கருவாட்டு மணம் வந்தால் கடல் கிட்ட இருக்கிறது, அவித்த நெல் மணம் வந்தால் மில் வந்துவிட்டது. இதை என் மகளிடம் சொன்னால் சிரிக்கிறாள். அவள் தானே கார் ஓட்டுகிறவள். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

வாப்பாவிடம் ஒரு வாடகைக் கார் இருந்தது. கறுப்பா, கரும்பச்சையா என்று இன்றைக்கும் எங்கள் வீட்டில் வழக்கு முடியவில்லை. முன்னால் கம்பியை விட்டுச் சுற்றினால்தான் உயிர் வரும். சீட்டின் ரெக்சின் வெயிலில் காய்ந்தால் தொடையில் ஒட்டிக்கொள்ளும், எழும்பும்போது தோலோடு உரியும். காலையில் வாப்பா தன் முகத்தைக் கழுவுவதற்கு முதல் காரின் முகத்தைக் கழுவுவார். உம்மாவுக்கு அதில் ஒரு பொறாமை இருந்ததென்று இப்போது நினைக்கிறேன். அந்தக் கார் எங்கே போனது, யார் வாங்கினார்கள், எந்தப் பற்றைக்குள் கிடந்து துருப்பிடித்தது, ஒன்றும் தெரியாது. சுற்றுகிற கம்பி மட்டும் கனகாலம் எங்கள் வீட்டுக் கதவுக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்தது. பிறகு அதையும் காணவில்லை.

எனக்கு அப்போது எட்டு வயது. அந்த வருடம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே கவலை, சாச்சி. உம்மாவின் தங்கச்சி. சாச்சாவுக்குச் சாகாமத்தில் வயல், குளத்துத் தண்ணீரில் விளையும் வயல். விதைப்பிலிருந்து அறுவடை வரை இருவரும் அங்கேயேதான். அதற்கு முந்திய வருடம் சாச்சிக்கு நோக்காடு கண்டு, மாட்டு வண்டிலில் ஏற்றிக்கொண்டு வரும்போது, பிள்ளை வழியிலேயே பிறந்து வழியிலேயே மவுத்தாகிவிட்டது. வாப்பா அன்று வேறு வாடகைக்குப் போயிருந்தார். அதை அவர் தன் குற்றமாகவே எடுத்துக்கொண்டார். இந்த முறை சாச்சி மறுபடியும் உண்டாகியிருந்தாள். ஊருக்கு வந்து இருக்கச் சொன்னால், அறுவடைக்காரருக்குச் சோறு ஆக்க ஆளில்லை என்று வர மறுத்தாள். வாப்பா ஒரே சொல்லாகச் சொன்னார்: ஆள் அனுப்பு, நான் கார் கொண்டு வருவேன். அந்த வாக்கை நம்பித்தான் சாச்சி அங்கே இருந்தாள்.

கிழமைக்கு ஒருதரம் உம்மாவும் மாமியும் நானும் சாச்சியைப் பார்க்கப் போவோம். மாமி என்றால் வாப்பாவின் அக்கா, நல்ல உடம்புக்காரி. அப்படிப் போய்த் திரும்பிய ஒரு நாளில்தான் அந்தச் சத்தம் தொடங்கியது. டிக். கொஞ்சம் விட்டு மறுபடியும் டிக். கார் வேகமாக ஓடினால் அதுவும் வேகமாகும், மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாகும். யாரோ காருக்கடியில் இருந்துகொண்டு பாக்கு வெட்டுகிற மாதிரி.

வாப்பா வீட்டில் எங்களை இறக்கிவிட்டு, காரைத் தனியே ஓட்டிப் பார்த்தார். சத்தமில்லை. மறுநாள் கல்முனைச் சந்தையிலிருந்து இரண்டு வியாபாரிகளை முன் சீட்டில் ஏற்றிக்கொண்டு போனார். சத்தமில்லை. அடுத்த கிழமை நாங்கள் ஏறினோம், சத்தம் வந்தது. பின் பக்கம் பாரம் ஏறினால்தான் வருகிறது என்று வாப்பா கண்டுபிடித்தார். அதைக் கண்டுபிடித்ததோடு நிற்காமல் மாமியிடம் வாய்விட்டும் சொல்லிவிட்டார். மாமி அதன்பிறகு இரண்டு கிழமை எங்கள் வீட்டில் சோறு தின்னவில்லை.

கல்முனையில் கார் திருத்துகிற கராஜ் பாஸ் ஒருவர் இருந்தார். தமிழ் ஆள், மெதடிஸ்ட் கோயிலுக்குப் போகிறவர். ஞாயிற்றுக்கிழமை கராஜ் பூட்டு. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடியும்வரை வாப்பா காரைத் தொடமாட்டார். ஆக இருவரும் சந்திக்க ஐந்து நாள்தான். பாஸ் வாப்பாவை, எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, காக்கா என்பார், என்னைத் தங்கச்சி என்பார். ஒல்லி. உள்ளங்கைக் கோடுகளில் எப்போதும் கிறீஸ் கறுப்பு.

சத்தத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் கேட்க வேண்டும். கேட்க வேண்டுமென்றால் பின் சீட்டில் இருக்க வேண்டும். பின் சீட்டில் எங்கள் பெண்கள் இருக்கும்போது பாஸ் எப்படி ஏறுவது? அவர்தான் ஒரு வழி சொன்னார். இரண்டு மூட்டை நெல்லை ஏற்றினால் தான் பக்கத்தில் இருந்து கேட்கலாம் என்றார். எவ்வளவு எளிய வழி. வாப்பா அதை எடுத்துக்கொள்ளவில்லை. பிழை அங்கேதான் தொடங்கியது.

“மூட்ட என்னத்துக்கு பாஸ்?” என்றார். “என்ட மகள் பின்னுக்குத்தானே இரிக்கா. அவ சொல்லுவா.”

நான் சிறுபிள்ளை. திரைக்கு அந்தப் பக்கமும் போகலாம், இந்தப் பக்கமும் வரலாம். வாப்பாவுக்கு என்மேல் அப்படி ஒரு பெருமை. எனக்கு அந்த இடத்தில் இரண்டு சாண் உயரம் கூடிவிட்டது.

முதல் வேலையை நான் நன்றாகவே செய்தேன். பாஸ் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பு எடுத்துப் பின் சில்லுகள் இரண்டிலும் ஒவ்வொரு கோடு இழுத்தார். உம்மாவும் மாமியும் உள்ளே. வாப்பா நடை வேகத்தில் ஓட்ட, பாஸ் சில்லைப் பார்த்துக்கொண்டு கூடவே ஓடிவந்தார். சத்தம் கேட்கும் போதெல்லாம் நான் கதவில் தட்ட வேண்டும். வெள்ளைக் கோடு ஒருதரம் சுற்றிவர நான் ஒருதரம் தட்டினேன். பாஸுக்கு அது போதுமாக இருந்தது. முன்னாலிருந்து பின்னால் வரும் நீளத் தண்டில் பழுதென்றால், சில்லு ஒருதரம் சுற்ற அது நாலு தரம் சுற்றும், சத்தமும் நாலு தரம் கேட்கும். ஆகவே தண்டில் இல்லை, சில்லோடுதான் ஏதோ இருக்கிறது என்றார்.

“எந்தப் பக்கம், தங்கச்சி?”

“இடது பக்கம்” என்றேன்.

கொஞ்சமும் யோசிக்கவில்லை. எனக்கு இடது பக்கந்தான் கேட்டது. மாமி, தன் காலுக்குக் கீழே கேட்கிறது என்றாள், அவளுக்கு உலகத்தில் எல்லாமே அவள் காலுக்குக் கீழேதான். உம்மா, வலது பக்கம் என்று நினைக்கிறேன் என்று மெல்லச் சொன்னாள். நீ வழி முழுக்கக் கதைத்துக்கொண்டு வருகிறவள், உனக்கு எங்கே கேட்கப்போகிறது என்று வாப்பா அவளை அடக்கிவிட்டார்.

இடது பின் சில்லைக் கழற்றினார்கள். உள்ளே எல்லாம் சுத்தம். பாஸ் எண்ணெய் போட்டு, நட்டுகளை இறுக்கி, மாட்டிக் கொடுத்தார். சாகாமத்துக்குப் போனோம். டிக். மறுபடியும் கராஜ். வாப்பா என்னைக் கேட்டார், இடது பக்கம் என்றேன். மறுபடியும் கழற்றினார்கள். இந்த முறை பாஸ் உள் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சாக்கின்மேல் வரிசையாக வைத்தார். ஒன்றிலும் குறையில்லை. மூன்றாம் தரம் நான் இடது பக்கம் என்றபோது பாஸ் கையைத் துடைத்தார். வாப்பா அவர் முகத்தைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

அன்று வீட்டுக்கு வரும் வழியில் வாப்பா கேட்டார். “மகள், உண்மையச் சொல்லு. கேட்டுத்தான் சொல்றியா, இல்லாட்டி வாயில வந்தத சொல்றியா?”

கேட்டுத்தான் சொல்கிறேன் என்றேன். அல்லாஹ்மேல் ஆணையாக என்றும் சேர்த்தேன். சிறுபிள்ளை சத்தியம் பண்ணக் கூடாதென்று உம்மா வாயில் அடித்தாள். அதற்குப் பிறகு வாப்பா என்னைக் கராஜுக்குக் கூட்டிப்போகவில்லை. எனக்குத் தலையும் வாலும் விளங்கவில்லை. சத்தம் இடது பக்கம்தான் வருகிறது, எனக்குத் தெளிவாகக் கேட்கிறது, ஆனால் அங்கே போய்ப் பார்த்தால் இல்லை. இரவில் கூரையில் பல்லி சொன்னாலும் இடது பக்கம். தொழுகைக்கு பாங்கு சொன்னாலும் இடது பக்கம். திரும்பிப் படுத்தால் பள்ளிவாசலும் என்னோடு திரும்பியது. மற்றவர்களுக்கும் இப்படித்தான் இருக்கும், அவர்கள் அதை எப்படியோ சமாளிக்கிறார்கள், எனக்குத்தான் புத்தி போதாது என்று நினைத்தேன்.

எனக்கு ஊரில் தலைக்கனம் பிடித்தவள் என்று பெயர் இருந்ததை உங்களில் சிலர் மறந்திருக்கமாட்டீர்கள். கூப்பிட்டால் திரும்பமாட்டாள் என்பார்கள். ஓதப் போன இடத்தில் லெப்பை என் வலது பக்கம் நின்று பாடம் கேட்பார், நான் பேசாமல் இருப்பேன், பிரம்பு வரும். இடம் மாறி மற்றப் பக்கம் உட்கார்ந்த நாளில் கடகடவென்று ஓதுவேன். அடித்தால்தான் இவளுக்கு ஓதல் வருகிறது என்று அவர் முடிவெடுத்துவிட்டார். நீங்களும் சிரித்தீர்கள். நான் இன்றுவரை அதை முழுதாக மன்னிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சாச்சிக்கு மாதம் நெருங்கியது. வாப்பாவுக்கு நித்திரை இல்லை. அந்தச் சத்தத்தோடு சாகாமம் போய், சாச்சியை ஏற்றிக்கொண்டு, நடு வயலில் சில்லு கழன்றால்? அதைத்தான் அவர் திருப்பித் திருப்பி உம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு திங்கட்கிழமை பாஸே ஆள் அனுப்பினார். காரோடு அந்தப் பிள்ளையையும் கூட்டிவரச் சொல்லியிருந்தார்.

கராஜில் என்னை ஒரு பழைய சில்லின்மேல் இருத்தினார். கண்ணை மூடச் சொன்னார். தான் இரும்பில் தட்டுவதாகவும், சத்தம் வரும் பக்கத்துக்குக் கையை நீட்ட வேண்டுமென்றும் சொன்னார். டங் என்று கேட்டது. இடது கையை நீட்டினேன். மறுபடியும் டங், மறுபடியும் இடது கை. பத்துத் தரமாவது இருக்கும். வாப்பா முதலில் சிரித்தார், நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பார். பிறகு அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

“காக்கா, பிள்ளையிட இடது காதப் பொத்துங்க” என்றார் பாஸ்.

வாப்பாவின் உள்ளங்கை பெற்றோல் மணத்தோடு என் காதை மூடியது. உலகம் நின்றுபோனது. பாஸ் தட்டுவதை நிறுத்திவிட்டாராக்கும் என்று கண்ணைத் திறந்து பார்த்தேன். அவர் என் வலது தோளுக்குப் பக்கத்தில் நின்று, ஸ்பேனரால் இரும்பில் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தார்.

வாப்பா கையை எடுத்தார். “எப்ப இருந்து மகள்?” என்று கேட்டார். எனக்குக் கேள்வியே விளங்கவில்லை. எது எப்போதிருந்து? எல்லோருக்கும் ஒரு பக்கத்தால்தான் கேட்கும் என்றல்லவா நான் நினைத்திருந்தேன். சின்ன வயதில் ஒரு காய்ச்சல் வந்ததும், வலது காதில் சீழ் வடிந்ததும், உம்மா உள்ளி போட்டுக் காய்ச்சிய எண்ணெய் விட்டதும் எனக்கு நினைவில்லை. வாப்பாவுக்கு அது அந்த நிமிடத்தில் நினைவு வந்திருக்க வேண்டும். சீழ் நின்றதும் சுகமாகிவிட்டதென்று விட்டிருக்கிறார்கள்.

ஒரு காது மட்டும் கேட்கிற ஆளுக்குச் சத்தம் எங்கிருந்து வருகிறதென்று தெரியாது, கேட்கிற பக்கந்தான் சொல்லும் என்று பாஸ் தன்மையாகச் சொன்னார். பிள்ளை பொய் சொல்லவில்லை என்றும் சொன்னார். பெரியவர்களில் அந்த வார்த்தையைச் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

வாப்பா குரலைத் தாழ்த்தினார். “பாஸ், இத வெளிய கதைக்காதீங்க. பொம்புளப் புள்ள.”

“நான் கதைக்கமாட்டன் காக்கா. ஆனா பிள்ளையக் கொண்டுபோய்க் காட்டுங்க. வயசு போகப் போகச் சரிவராது.”

“ஓம், காட்டுவம். மச்சினிச்சிட காரியம் முடியட்டும்.”

பிறகு இரண்டு மூட்டை நெல் வந்தது. பாஸ் அவற்றுக்கிடையில் நுழைந்து, ஒரு வேடிக்கைக்குத் திரையையும் இழுத்துவிட்டுக்கொண்டு போனார். தெரு முனை வரைக்கும் போகவில்லை. வலது பக்கம் என்று உள்ளேயிருந்து சொன்னார். கழற்றிப் பார்த்தால், சில்லைத் தாங்கும் தண்டின் நுனியில், அதைப் பிடித்துவைக்கிற விரல் நீள இரும்புத் துண்டு ஒன்று தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நாளில் முறிந்திருக்குமாம். பாஸ் வேறொரு இரும்பை அராவி, அளவு பார்த்து, அஸர் தொழுகைக்கு முன்னால் பூட்டி முடித்தார். இரவு சோறு போடும்போது உம்மா, நான் அன்றைக்கே சொன்னேன் வலது பக்கம் என்று, என்றாள். வாப்பா தட்டைவிட்டு நிமிரவில்லை. என்னைப் பற்றி அவர் உம்மாவிடம் தனியாகச் சொல்லியிருக்க வேண்டும், உம்மா அன்று என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

நாலைந்து நாளில், காலையில், நெல் லொறிக்காரர் ஒருவர் சாச்சாவின் செய்தியைக் கொண்டுவந்தார். வாப்பா கம்பியைச் சுற்றிய வேகத்தில் கை வழுக்கி விரல் கிழிந்தது. உம்மாவும் நானும் ஏறினோம். சாகாமத்தில் சாச்சியைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து எங்கள் நடுவில் இருத்தினார்கள். சாச்சா முன் சீட்டில். கார் வயல் வீதியில் குலுங்கியது. சாச்சி உம்மாவின் கையைப் பிடித்து முறுக்கினாள், உம்மா சலவாத்து ஓதிக்கொண்டே இருந்தாள். பின் சீட்டில் முழுப் பாரம். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த டிக் வருகிறதா என்று பார்த்தேன்.

திரைக்கு அப்பாலிருந்து வாப்பா கேட்டார். “மகள், கேக்குதா?”

“இல்ல வாப்பா.”

கொஞ்ச நேரம் போனது. “உனக்கு?” என்றார் உம்மாவிடம்.

“இல்ல. நீங்க ஓட்டுங்க” என்றாள் உம்மா.

முன்பென்றால் என் சொல் மட்டும் அவருக்குப் போதும். அந்த ஒரு ‘உனக்கு’ என் நெஞ்சில் குத்தியது. எட்டு வயதில் அதற்குப் பெயர் தெரியவில்லை, அழுகைதான் வந்தது. சாச்சிக்காக அழுகிறேன் என்று உம்மா என்னையும் அணைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். லுஹருக்கு பாங்கு சொல்லும் நேரத்தில் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை, உயிரோடு, நல்ல தொண்டையோடு. வாப்பா சுவரில் சாய்ந்து நின்று அழுததை நான் கண்டேன். அவர் அழுது நான் கண்டது அது ஒருதரம்தான்.

பிறகு தேத்தண்ணி வாங்க என்னைக் கூட்டிக்கொண்டு நீள விறாந்தையால் நடந்தார். என் இடது கையில் சுடுதண்ணிப் போத்தல், வலது கையை அவர் பிடித்திருந்தார். ஒரு கதவுக்கு முன்னால் சட்டென்று நின்றார். மேலே பலகையில் எழுதியிருந்ததை நான் எழுத்துக்கூட்டி வாசித்தேன். காது, மூக்கு, தொண்டை. உட்காரும் வாங்கில் நாலைந்து பேர் துண்டுச் சீட்டுகளோடு காத்திருந்தார்கள். வாப்பா பலகையைப் பார்த்தார், அந்த ஆட்களைப் பார்த்தார், அவர்களில் தெரிந்தவர்கள் யாரும் இருக்கிறார்களா என்று பார்த்தாரோ என்னவோ. பிறகு குனிந்து என்னிடம் ஏதோ கேட்டார்.

வலது பக்கமாகக் குனிந்து கேட்டார். சந்தோஷத்திலோ பதற்றத்திலோ மறந்துவிட்டார் போல. விறாந்தையில் ஒரே இரைச்சல். அவர் உதடு அசைந்தது தெரிந்தது, ஒரு சொல்லும் எனக்குக் கேட்கவில்லை.

கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வெட்கமாக இருந்தது. கேட்காத அந்தக் காதால்தான் வாப்பா என்மேல் வைத்த நம்பிக்கை கெட்டதென்று நினைத்தேன். அதனால் எப்போதும் செய்வதைச் செய்தேன், ஆளின் முகத்தைப் பார்த்து மறுமொழி சொன்னேன். சிரித்த முகமென்றால் ஓமென்று தலையாட்டுவேன். வாப்பாவின் முகம் பயந்த முகமாக இருந்தது. நான் இல்லையென்று தலையாட்டினேன்.

அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். என் தலையில் கைவைத்தார். பிறகு தேத்தண்ணிக் கடைக்குப் போனோம். அதற்குப் பிறகு என் காதைப் பற்றி அவர் வாழ்நாளில் கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை.

போன வருடம் என் மகள் பிடிவாதமாக ஒரு டொக்டரிடம் கூட்டிப்போனாள். சின்ன வயதில் கொண்டுவந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்று அவர் சொன்னார். வெளியே வந்து வாப்பாவை நன்றாகத் திட்டினேன். அவர் மவுத்தாகிப் பதினாறு வருடம். பெண் பிள்ளைக்குப் பெயர் கெடுமென்று பயந்து, வாசல் வரை கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்த மனுசன் என்று, காரில் வழி முழுக்கத் திட்டினேன். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் அந்தக் குனிந்த முகம் ஞாபகம் வந்தது.

என்ன கேட்டிருப்பார்? பசிக்கிறதா என்று கேட்டிருக்கலாம். போத்தல் பாரமா என்று கேட்டிருக்கலாம். இல்லாவிட்டால், உள்ளே போய்க் காட்டுவோமா மகள் என்று கேட்டிருக்கலாம். அன்று வேண்டாமென்று சொன்னது வாப்பாவா, இல்லை நான்தானா, எனக்குத் தெரியவில்லை.